ஒரு தடவைக்கு ஒரு குறை

நம் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளில் நாலைந்து பேர் இந்த வருஷம் அரசாங்க ஆபீஸ்களில் சேர்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதுங்கள் என்று நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலர்க்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உபயோகமாக என்னத்தை எழுதுவது? ஃபைல் கட்டுவது, டிராஃப்ட் போடுவது எல்லாம் ஆறு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். லீவு எழுதுவது ஆறே நாளில் வந்துவிடும். ஆகவே நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். தமிழ் பேசினால் புரியும், படிக்கத்தான் வராது என்கிற மகான்களுக்கு அவரவர் அம்மா வாசித்துக் காட்டட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்வி சம்பந்தப்பட்ட ஓர் ஆபீஸில் குமாஸ்தா. பயிற்சிச் சான்றிதழ் இல்லாமலே வருஷக்கணக்காகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார்களும் டீச்சர்களும் அப்போது ஏராளம். அவர்களில் போதுமான சர்வீஸ் உள்ளவர்கள் பயிற்சிப் பள்ளிக்குப் போகாமல் நேரடியாகச் சான்றிதழ்ப் பரீட்சை எழுதலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். வழி என்று பெயர்தான். அதில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூட சர்வீஸ் சான்று, அதில் இன்ஸ்பெக்டர் மேலொப்பம், தாசில்தார் கொடுக்கும் வசிப்புச் சான்று, சிவில் சர்ஜனின் மெடிக்கல் சர்டிபிகேட், கெஜட்டட் ஆபீசர் கொடுக்கும் நன்னடத்தைச் சான்று, சலான், போட்டோ, எல்லாவற்றுக்கும் சான்றொப்பமிட்ட நகல்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஆபீஸ். ஒவ்வொரு ஆபீஸிலும் என்னைப் போல ஒருத்தன்.

இவை சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. சரியில்லாவிட்டால் குறையை ஒரு சீட்டில் எழுதி விண்ணப்பத்தைத் திருப்பித் தரவேண்டும். அதற்கு எங்கள் செக்‌ஷனில் ஒரு முறை இருந்தது. சேர்ந்த முதல் வாரத்தில் சீனியர் ஒருவர் எனக்குக் காதோடு காதாகச் சொன்னது. எல்லாக் குறையையும் ஒரே சீட்டில் எழுதிவிடாதே. எழுதிவிட்டால் அவன் எல்லாவற்றையும் சரிபண்ணிக்கொண்டு வந்து நிற்பான். அப்புறம் உன் கண்ணுக்குத் தப்பிய ஏதாவது ஒன்றை மேலே கண்டுபிடித்தால் மெமோ உனக்கு. ஒரு தடவைக்கு ஒரு குறை எழுது. மற்றதெல்லாம் உன் கையிருப்பு. என்ன புத்திசாலித்தனம் என்று அப்போது மெய்சிலிர்த்துப் போனேன். இப்போது நினைத்தால் எனக்கே என் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் முல்கி, முல்கி இல்லாதவன் என்ற பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. பதினைந்து வருஷம் இந்த மண்ணில் இருந்தவன் முல்கி. அவனுக்குத்தான் அரசாங்க வேலை. நான் இங்கே ரயில்வே ஆஸ்பத்திரியில் பிறந்தவன். இருந்தாலும் வீட்டில் திருச்சித் தமிழ், அப்பா ஒர்க்‌ஷாப்புக்கு வந்த மதராஸி என்பது முகத்தில் ஒட்டியிருக்குமே. பக்கத்து சீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. தமிழ்ப் பெயரோடு எந்த விண்ணப்பம் வந்தாலும், "மீவாள்ளு வச்சாரய்யா" என்பார். உன் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கோ, சொந்த ஆட்களுக்குச் சலுகை காட்டுகிறான் என்று பேர் வந்துவிடுமே என்று பயம். அதனால் ஆபீஸ் வாசற்படி ஏறினால் தமிழ் வாயிலிருந்து வராது என்று ஒரு விரதம் எடுத்திருந்தேன். தமிழர் யார் வந்தாலும் தெலுங்கில்தான் பதில். மிஞ்சினால் உருது.

அப்படி ஒரு நவம்பர் மாதத்தில்தான் சரோஜா டீச்சர் வந்தாள். காஞ்சன்பாக் பக்கத்தில் ஒரு சின்ன எய்டட் ஸ்கூலில் ஒண்ணாம் வகுப்பு எடுப்பவள், இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். கூட அவள் அம்மா. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். என் மேஜைக்கு எதிரே சுவரோரமாக ஒரு பெஞ்சு கிடக்கும். அதில் அம்மா உட்கார்ந்துகொண்டார். மகள் விண்ணப்பத்தை நீட்டினாள். பியூன் அதில் உள்வரவு முத்திரை குத்திக் கொடுத்தான். நான் வழக்கம்போல இணைப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினேன். பதினொன்று. முதல் தாளின் ஓரத்தில் பென்சிலால் பதினொன்று என்று எழுதினேன். இணைப்பு ஒன்று தொலைந்தால் பிற்பாடு என் தலைதானே உருளும்.

சர்வீஸ் சான்றில் இன்ஸ்பெக்டர் மேலொப்பம் இல்லை. வசிப்புச் சான்று அவள் பெயரில் இல்லாமல் அப்பா பெயரில் இருந்தது. சலான் தப்புக் கணக்குத் தலைப்பில் கட்டியிருந்தது. நகல்களில் ஒப்பமிட்டவரின் பெயர் முத்திரை இல்லை. நாலும் என் கண்ணில் அன்றைக்கே பட்டன. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு நான் சில சமயம் மனசு இரங்கி இரண்டு மூன்றைச் சேர்த்து எழுதிக் கொடுத்ததுண்டு. அன்றைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு குறையை மட்டும் எழுதினேன். மேலொப்பம் இல்லை. தெலுங்கில் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்குத் தெலுங்கு வரும், ஆனால் தடவித் தடவித்தான்.

பெஞ்சிலிருந்து அம்மா கேட்டார். "இன்னாடி சொல்றான்?" வேலூர்ப் பக்கத்துப் பேச்சு.

"இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேணுமாம்மா."

"அத சிரிச்ச மூஞ்சியோட சொன்னா இன்னாவாம்? விளக்கெண்ணெய் குடிச்சவன் மாதிரி வச்சிக்கினு கீறான்."

நான் குனிந்து ஃபைல் பார்க்கிற பாவனையில் இருந்தேன். காது சுட்டது. சரி, தெலுங்குக்காரன் என்று நினைத்துத்தானே திட்டுகிறார்கள், அதுவும் ஒரு வகையில் நமக்கு நல்லதுதான் என்று தேற்றிக்கொண்டேன்.

டிசம்பரில் மேலொப்பத்தோடு வந்தார்கள். மறுபடி எண்ணினேன், மறுபடி ஒரு சீட்டு. வசிப்புச் சான்று உன் பெயரில் வேண்டும். தாசில்தார் ஆபீஸ் என்றால் சும்மாவா? மூன்று வாரம் அலைந்திருக்கிறாள். ஜனவரியில் வந்தபோது சலானைப் பிடித்தேன். பிப்ரவரியில் வந்தபோது நகல்களைப் பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் முடிவில் நான் சொல்வது ஒரே வாக்கியம்தான். "ரேப்பு ரண்டி." நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம். எங்கள் ஆபீஸில் 'ரேப்பு' என்றால் என்றைக்கோ ஒரு நாள்.

ஒவ்வொரு தடவையும் அவள் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைத் தமிழில் சொல்வாள். சொல்லும்போது தேவைக்கு மேல் உரக்கச் சொல்வதாக எனக்குப் படும். அம்மாவுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்படித்தான் அந்தக் குடும்பத்துக் கதை எல்லாம் எனக்குத் தெரியவந்தது. அப்பாவுக்குக் கண்பார்வை மங்கி வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு இவள் சம்பளம்தான். "இன்னைக்கும் அரை நாள் லாஸ் ஆஃப் பே-ம்மா" என்றாள் ஒரு தடவை. ஸ்டாம்ப் பேப்பருக்கும் போட்டோவுக்கும் இரண்டாம் சலானுக்குமாக அம்மாவின் வளையல் சேட்டுக் கடைக்குப் போயிருந்தது. "இந்த வருஷம் பரீட்சை எழுதலன்னா ஜூன்ல வேற டிரெயிண்ட் டீச்சரப் போட்டுடுவோம்னு கரஸ்பாண்டென்ட் எழுதியே குடுத்துட்டாரும்மா. ஆறு வருஷமா சொல்லிக்குடுத்த கிளாஸு. பசங்களப் பாத்தா அழுகையா வருது" என்றாள் இன்னொரு தடவை.

பிப்ரவரியில் சொன்னதை மட்டும் அப்படியே சொல்கிறேன்.

"எல்லாம் சரி பண்ணிடலாம். மெடிக்கல் சர்டிபிகேட்தாம்மா பயமா கீது. மூணு மாசம்தான் செல்லும். நவம்பர்ல எடுத்தது. இவங்க இழுத்துக்கினே போனா அது காலாவதி ஆயிடும். அப்புறம் அது ஒரு குறைன்னு வரும்."

கேட்டேன். கேட்டுவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மார்ச்சில் விண்ணப்பங்களின் பட்டியல் மேலே போகவேண்டிய கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜீப் கிளம்பும். அதில் பெயர் இல்லாதவர்களுக்கு அந்த வருஷம் ஹால் டிக்கெட் கிடையாது. காலை பதினொரு மணிக்கு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். நகல்களில் பெயர் முத்திரைகள் பளிச்சென்று விழுந்திருந்தன. எண்ணினேன். பதினொன்று. அப்பாடா, ஒழிந்தது என்று பட்டியலில் பெயர் எழுதப் பேனாவை எடுத்தபோது மெடிக்கல் சர்டிபிகேட்டின் தேதியில் கண் நின்றது. மூன்று மாதம் தாண்டிவிட்டது.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏமய்யா, ஓகேயா?" என்றார். ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை, சும்மா கேட்டார். என் கை தானாகச் சீட்டை இழுத்தது. ஐந்தாவது குறையை எழுதினேன். எழுதி முடித்து, பழக்கதோஷத்தில், "ரேப்பு ரண்டி" என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் சீட்டைப் படித்தாள். போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னாவாம் இப்போ?"

"மெடிக்கல் சர்டிபிகேட் பழசாயிடுச்சாம்மா."

"நாளைக்கு வான்றானே, இன்னைக்குத்தான கடைசின்னு சொன்னே?"

"ஆமாம்மா. சர்ஜனும் வாரத்துல ஒரு நாள்தான் கையெழுத்துப் போடுவாரு. நேத்தோட போச்சு."

அம்மா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி வா, போலாம்" என்றார். மகள் எழுந்திருக்கவில்லை. "கொஞ்ச நேரம் ஒக்காரலாம்மா, இன்னும் அஞ்சு மணி ஆவல" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறந்தேன், மூடினேன். மனசு கேட்கவில்லை. அவள் மேஜையிலேயே விட்டுப்போயிருந்த விண்ணப்பத்தை எடுத்து முதல் பக்கத்து உள்வரவு முத்திரையைப் பார்த்தேன். நவம்பர் மாதத் தேதி. மெடிக்கல் சர்டிபிகேட் அதற்கு ஒன்பது நாள் முந்தையது. அதாவது அவள் முதல் தடவை என் மேஜைக்கு வந்தபோது அது நேற்றுப் பூத்த பூ மாதிரி புதுசு. அதைப் பழசாக்கினது யார்? ஆபீஸ் ஃபைலில் ஊசி குத்தி வைத்திருந்த என் சீட்டுகளின் நகல்களை எடுத்து வரிசையாகப் பரப்பினேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஐந்தும் என் கையெழுத்து. முதல் நாலையும் நவம்பரிலேயே ஒரே சீட்டில் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் ஐந்தாவதே பிறந்திருக்காது. வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. தேதியைப் பார்க்காத மாதிரி பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடலாம். மேலே யாராவது கண்டுபிடித்தால் அவள் ஹால் டிக்கெட்டே ரத்தாகும். தேதியில் ஒரு எண்ணைத் திருத்தலாம். அப்படிச் செய்தவர்களும் உண்டு, அது அவளையும் சேர்த்து ஜெயிலுக்கு அனுப்புகிற வேலை. மூன்றாவது, நடந்ததை நடந்தபடி எழுதுவது. நான் நோட் ஷீட்டை எடுத்தேன். விண்ணப்பம் பெறப்பட்ட தேதியில் மருத்துவச் சான்று செல்லத்தக்கதாக இருந்தது. குறைகளை ஒரே தடவையில் தெரிவிக்காமல் இந்தச் செக்‌ஷன் ஒவ்வொன்றாகத் தெரிவித்ததால் ஏற்பட்ட தாமதத்தில் அது காலாவதியானது. தவறு விண்ணப்பதாரருடையது அல்ல. பெறப்பட்ட தேதியைக் கொண்டு ஏற்கலாம். இவ்வளவுதான் நோட். ஐந்து சீட்டுகளையும் சேர்த்துக் கட்டி சூப்பரின்டென்டென்ட் அறைக்குக் கொண்டுபோனேன். மணி மூன்றரை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இது நோட் இல்லையப்பா. உனக்கு நீயே எழுதிக்கொண்ட சார்ஜ் ஷீட்" என்றார் தெலுங்கில். "மேலே இருப்பவர் இதைப் பார்த்தால் என்னையும் கேட்பார். செக்‌ஷன் என்று ஏன் எழுதினாய்?"

"அப்படியானால் நான் என்று எழுதுகிறேன் சார்" என்றேன். 'இந்தச் செக்‌ஷன்' என்பதை அடித்து என் பதவியை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். பயந்துகொண்டுதான் போட்டேன். வீட்டில் இரண்டு குழந்தைகள், வேலை நிரந்தரமாகி நாலு வருஷம்கூட ஆகவில்லை.

"காய்கூ இந்த வம்பு உனக்கு?" என்றார் அவர். 'காய்கூ' என்றால் எதற்காக என்று அர்த்தம். கோபம் வந்தால் அவருக்கு உருதுதான் வரும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 'ஏற்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதுவரை அந்த மனுஷரைப் பற்றி நான் நல்லதாக ஒன்றும் நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன்.

பட்டியலில் கடைசிப் பெயராக அவள் பெயரை எழுதினேன். பக்கத்து சீட்டுக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் மீவாள்ளு, இல்லையா?" என்றார்.

"ஹவ், ஆமாம். என் ஆட்கள்தான்" என்றேன். "இல்லாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு டிசம்பரிலேயே வேலை முடிந்திருக்கும்." அவர் சிரிக்கவில்லை. தன் மேஜையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, அதில் எழுதியிருந்த ஒரு குறைக்குக் கீழே இன்னும் இரண்டைச் சேர்த்து எழுத ஆரம்பித்தார்.

மெமோ மறு மாதம் வந்தது. ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது. வீட்டில் ஒரு வாரம் எனக்குச் சாம்பாரில் உப்பு சரியாக விழவில்லை. போகட்டும். அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும் வரை நான் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு சீட்டுக்கு மேல் எழுதியதில்லை. எத்தனை குறை இருந்தாலும் அத்தனையும் அதே சீட்டில், முதல் நாளே. எனக்குத் தப்பியது ஏதாவது இருந்தால் அது என் பாடு. உங்களுக்கும் நான் சொல்வது அதுதான். உங்கள் சீட்டில் எழுதாமல் மிச்சம் பிடித்த ஒவ்வொரு வரியும் எதிரே நிற்பவருக்கு இரண்டு பஸ்ஸும் அரை நாள் சம்பளமும். இன்னொன்று. உங்கள் ஊர்க்காரருக்குச் சலுகை காட்டாதீர்கள், சரி. சலுகை காட்டவில்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காக அவரை வதைக்கவும் செய்யாதீர்கள். இரண்டும் ஒரே பாரபட்சம்தான்.

அன்றைக்கு ஜீப் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து பெஞ்சுக்குப் போனேன். இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பியூன் இரண்டு தடவை விரட்டியும் போகவில்லையாம். அவர்கள் முன்னால் நின்றேன். விரதத்தை எப்படி முறிப்பது என்று தெரியாமல் முறித்தேன்.

"டீச்சரம்மா, உங்க பேர் லிஸ்ட்ல போயிடுச்சு. ஹால் டிக்கெட் தபால்ல வரும். இனிமே நீங்க இங்க வரவேண்டாம்."

அம்மாவின் வாய் அப்படியே திறந்துகொண்டது. "ஐயையோ, தமிழா!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அஞ்சு மாதமாகச் சொன்னதெல்லாம் அவர் முகத்தில் வரிசையாக ஓடியது. "தம்பி, நான் ஏதோ வயித்தெரிச்சல்ல..." என்று எழுந்துவிட்டார்.

"ஒண்ணும் தப்பில்லம்மா. சரியாத்தான் சொன்னீங்க" என்றேன்.

மகளிடம் ஆச்சரியம் எதுவும் இல்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. "இவருக்குத் தமிழ் தெரியும்னு எனக்குத் தெரியும்மா" என்றாள் அம்மாவிடம்.

நான் திடுக்கிட்டுவிட்டேன். "எப்பத் தெரியும்?"

"மொத நாளே சார். பேப்பர எண்ணினீங்களே. வாய்க்குள்ளதான் எண்ணினீங்க, ஆனா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தமிழ்ல எண்ணினீங்க."

"தெரிஞ்சிருந்தா எங்கிட்டயே தமிழ்ல சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க பேச வேணாம்னு இருந்தீங்க. இன்னா கஷ்டமோ உங்களுக்கு. பேசலன்னாலும் காது கேக்கும்ல சார்? அதான் அம்மாகிட்ட சொல்ற மாதிரி உங்களுக்குச் சொல்லிக்கினு இருந்தேன்."

அவள் அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். நானும் அந்த ஐந்து மாதமும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.